நிமிடத்துக்கு இரண்டரை நொடி

மஜீதிக்கா இரண்டு கட்டையை அழுத்திப் பார்த்தார். தலையை ஆட்டினார். இரண்டரைக் கட்டையை அழுத்தினார். அதற்கும் தலையை ஆட்டினார். பிறகு ஆர்மோனியத்தின் துருத்தியை மூடிவிட்டு டி.வி.யையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மலையாளக் கரையில், மட்டாஞ்சேரியில் எங்கள் வீடியோ ஸ்டுடியோவின் பின் அறை அது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். வெளிச்சம் வராமலிருக்க ஜன்னலைக் குடைத்துணி தைத்து அடைத்திருந்தோம். அதையும் மீறிப் பின்பக்கத்துக் கிடங்கிலிருந்து சுக்கு நெடி வந்துகொண்டிருந்தது. அந்த அறையில் தும்மாமல் ஒரு வேலையும் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

டி.வி.யில் சுலைமான் பாடிக்கொண்டிருந்தார். அவர் இறந்து அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. படத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்ததும் இதே மஜீதிக்காதான். தலைமுடி மட்டும் கறுப்பாக இருந்தது. இக்கா என்றால் இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணன்.

"தங்கச்சி, இது ஒக்கலையே" என்றார். "படத்துல உள்ள பெட்டியும் என் மடியில உள்ள பெட்டியும் ஒண்ணாக்கும். அது மேல நிக்குது, இது கீழ நிக்குது. ரெண்டுக்கும் ரெண்டரைக்கும் நடுவுல எங்கேயோ கெடக்குது அவன் குரல்."

பாடுகிறவர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். சுலைமான் எப்போதும் இரண்டு கட்டை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பவர் மஜீதிக்கா. தெருவில் யார் வீட்டில் கல்யாணப் பாட்டு என்றாலும் தபலாக்காரர் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பார். அவர் ஒருமுறை முனகிக் காட்டினால் போதும், சுருதி சேர்ந்துவிடும்.

எனக்கு வாய் நீளம். இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்கு அதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

"மெஷின் பொய் சொல்லாது மஜீதிக்கா" என்றேன். "பத்து வருஷம் உப்புக்காத்துல கெடந்த பெட்டி. இறங்கியிருக்கும். பெட்டியோட சேர்ந்து உங்க காதும் இறங்கியிருக்கும்."

அவர் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்து போனார். நான் ரீலைச் சுற்றப் போய்விட்டேன்.

தகர டப்பாவில் வந்த பாட்டு

ஜமீலாக்காவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. சுலைமானின் மனைவி. பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், வாசலுக்கு வெளியே மலையாளம். நான் தென்காசியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு மட்டாஞ்சேரியில் தமிழ் பேசக் கிடைத்த முதல் மனுஷி. கப்பையை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, எப்படி வேகவைப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். முதல் தடவை நான் வேகவைத்ததைத் தின்றுவிட்டு, "சுவருக்குப் பூசலாம் மீனாட்சி" என்றார்.

சுலைமானுக்குக் கிடங்கில் மிளகு மூட்டை எடை போடும் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் அதே கிடங்கின் மாடியில் பாட்டு. நாலைந்து பேர், ஒரு தபலா, மஜீதிக்காவின் ஆர்மோனியம். சாயா மட்டும் குறைவில்லாமல் வரும்.

எழுபதுகளின் நடுவில் எப்போதோ ஓர் அமெரிக்கக்காரர் வந்து இறங்கினார். மிளகுத் தெருவைப் படம் எடுக்கிறேன் என்று பெரிய கேமராவுடன் மூன்று வாரம் சுற்றினார். ஒரு சனிக்கிழமை பாட்டுச் சத்தம் கேட்டு மாடி ஏறிவிட்டார். சுலைமான் பாடியதைக் குரலோடு பிடித்தார். அது சுலைமானே கட்டிய கல்யாணப் பாட்டு. பாதி தமிழ், பாதி மலையாளம். பெண்ணுக்கு மருதாணி இடும்போது தகப்பன் பாடுவது போல இருக்கும். அவர் மகள் ரஹிமாவுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. படத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து மூக்கை நோண்டிக்கொண்டிருக்கிறாள்.

கடைசி அடி வருவதற்குள் கேமராவில் ஃபிலிம் தீர்ந்துவிட்டது. சுலைமான் சிரித்துக்கொண்டே பாடி முடித்தாராம். அது படத்தில் இல்லை.

சில மாதம் கழித்து ஒரு தகர டப்பாவில் அந்த ரீல் தபாலில் வந்தது. அதற்கு அடுத்த வருஷம் மஞ்சள் காமாலையில் சுலைமான் போய்விட்டார். அவர் குரல் வேறெதிலும் இல்லை. ஓட்டிப் பார்க்க மெஷின் இல்லாமலே டப்பா பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

ரஹிமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஜமீலாக்கா அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் கடைக்கு வந்தார். மயிலாஞ்சி அன்று, அதாவது கல்யாணத்துக்கு முந்தைய நாள் மருதாணி இடும் சாயங்காலம், மகள் கையில் மருதாணி வைக்கும்போது அவள் அத்தா டி.வி.யில் பாட வேண்டும். படம் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து மஜீதிக்கா ஆர்மோனியத்தில் எடுத்துக் கடைசி அடியைப் பாடி முடிப்பார். அந்த அடி இப்போது தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"பாட்டு பாதியில நின்னா அது அவரு போனது மாதிரியே இருக்கும் மீனாட்சி" என்றார் ஜமீலாக்கா. "ஒரு மூச்சு இடைவெளிகூட இருக்கக் கூடாது. நிக்காம போகணும்."

அதனால்தான் மஜீதிக்கா பெட்டியோடு கடைக்கு வந்திருந்தார். டி.வி.யில் வரும் குரலும் அவர் பெட்டியும் ஒரே சுருதியில் இருந்தால்தானே ஒட்டு தெரியாது.

இருபத்தி நாலும் இருபத்தைந்தும்

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "ஃபிலிமை வீடியோவாக மாற்றுவது என்ன பெரிய வித்தை, காப்பி எடுப்பதுதானே" என்று கேட்டிருக்கிறார். அவரை என் பின் அறையில் ஒரு வாரம் உட்கார வைத்திருக்க வேண்டும்.

ஃபிலிம் என்பது தனித்தனிப் படங்கள். நொடிக்கு இருபத்தி நாலு. கண் கூசாமல் இருக்க ப்ரொஜெக்டர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை வெளிச்சம் போட்டுக் காட்டும். ஆக நொடிக்கு நாற்பத்தெட்டு வெளிச்சம்.

நம் ஊர் டி.வி. வேறு ஜாதி. அது படத்தை முழுதாகப் போடாது. கோடு கோடாகப் போடும். முதலில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைக் கோடுகள். பிறகு அந்த இடைவெளிகளில் இரட்டைக் கோடுகள். இப்படி நொடிக்கு ஐம்பது அரைப் படம். இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று, ஆக நொடிக்கு இருபத்தைந்து படம்.

ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி நாற்பத்தெட்டு குத்து குத்தி, இன்னொருத்தி ஐம்பது குத்தினால் என்ன ஆகும்? அதேதான் இங்கும். ப்ரொஜெக்டர் படத்தை ஒரு பால்கண்ணாடியில் விழ வைத்து, மறுபக்கம் வீடியோ கேமராவை வைத்துப் பிடித்தால், நொடிக்கு இரண்டு தடவை படம் மங்கி மங்கி எழும். பார்த்துக்கொண்டே இருந்தால் தலை வலிக்கும்.

எங்கள் வீட்டுக்காரர் வெளியில் கல்யாணப் படம் எடுப்பார். பின் அறை என் ராஜ்ஜியம். இந்தத் துடிப்பை ஒழிக்காமல் விடுவதில்லை என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. தோப்பும்படியில் மோட்டார் சுற்றும் கடைக்காரரைப் பிடித்து, ப்ரொஜெக்டரின் மோட்டாருக்கு ஒரு வேகத் திருகு வைக்கச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே போனேன். இருபத்தி நாலு இருபத்தைந்தானது. வெளிச்சம் ஐம்பது, டி.வி.யும் ஐம்பது. துடிப்பு நின்றது. சுலைமானின் வெள்ளைச் சட்டை அசங்காமல் பளிச்சென்று நின்றது.

அன்று எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வீட்டுக்காரரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி வந்து காட்டினேன். எறணாகுளத்தில் இருக்கிற பெரிய ஸ்டுடியோக்காரர்களுக்குக்கூட இது வரவில்லை என்றேன். அவர் கை கழுவாமல் நின்று பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி சாப்பிடப் போனார்.

இந்தக் கர்வம் ஆறுவதற்குள்தான் மஜீதிக்கா வந்து ஒக்கவில்லை என்றார். நான் சும்மா இருப்பேனா?

பித்தளைத் தூள்

பத்து நாள் கழித்து அவர் திரும்ப வந்தார். பெட்டியை மேசை மேல் வைத்து, டேப்பைப் போடச் சொன்னார். சுலைமான் பாட, இவர் கூடவே வாசித்தார். ஒரு பிசிறு இல்லை.

"நீ சொன்னது சரியாக்கும் தங்கச்சி" என்றார். "பெட்டி இறங்கித்தான் இருந்திருக்கு. ஏத்திட்டேன்."

எப்படி ஏற்றினார் என்று கேட்டேன். ஆர்மோனியத்துக்குள் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு பித்தளை நாக்கு இருக்கும். காற்றுப் பட்டால் அது அதிரும். அதன் நுனியைச் சிறு அரத்தால் சுரண்டினால் சுருதி ஏறும். எழுபதுக்கு மேற்பட்ட நாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தினமும் காலையில் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது சுரண்டியிருக்கிறார். அவருடைய கட்டைவிரல் ஓரத்தில் பித்தளைத் தூள் ஒட்டியிருந்தது.

மறுபடி இறக்க வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள் என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். இறக்க அடிப்பக்கத்தைச் சுரண்ட வேண்டும், இவ்வளவு சுரண்டிய நாக்கு அதைத் தாங்காது, ஒடிந்துவிடும் என்றார். அது அவருடைய அத்தா வைத்திருந்த பெட்டி.

நான் அவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். நல்ல காரியம் செய்த நிறைவு எனக்கு.

நொடிமுள்

மயிலாஞ்சிக்கு முந்தைய நாள். டேப்பைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கப் போட்டேன். இருபது தடவைக்கு மேல் பார்த்த படம். அத்தனை தடவையும் நான் பார்த்தது துடிப்பு இருக்கிறதா என்று வெள்ளைச் சுவரையும் வெள்ளைச் சட்டையையும்தான். அன்று ஏனோ கண் மேலே போனது. சுலைமானின் தலைக்கு மேலே கிடங்கின் சுவர்க் கடிகாரம். நீளமான சிவப்பு நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது.

என் கையிலும் வாட்ச் இருந்தது. விளையாட்டாகத்தான் பார்த்தேன்.

என் வாட்சில் ஒரு நிமிடம் ஆனபோது, படத்துக் கடிகாரத்தின் நொடிமுள் ஒரு சுற்று முடித்து இன்னும் இரண்டரைக் கோடு தாண்டிப் போயிருந்தது.

திரும்ப ஓட்டினேன். அதே இரண்டரை. வாட்ச் கெட்டிருக்கும் என்று வீட்டுக்காரரின் வாட்சை வாங்கிப் பார்த்தேன். அதே இரண்டரை. ரீலை ப்ரொஜெக்டரில் ஏற்றி, திருகைப் பழையபடி இருபத்தி நாலில் வைத்து ஓட்டினேன். படம் மங்கி மங்கித் துடித்தது. ஆனால் இரண்டு முட்களும் ஒன்றாக நடந்தன.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்தி நாலில் எடுத்ததை இருபத்தைந்தில் ஓட்டினால் படம் மட்டுமா வேகமாக ஓடும்? அதே ஃபிலிமின் ஓரத்தில் பதிந்திருக்கும் குரலும் ஓடும். வேகமாக ஓடும் குரல் மேலே ஏறும். துடிப்பை நிறுத்திய கையாலேயே நான் சுலைமானின் சுருதியைத் தூக்கிவிட்டிருந்தேன். பெட்டி இறங்கவில்லை. மஜீதிக்காவின் காதும் இறங்கவில்லை. என் மெஷின்தான் பொய் சொல்லியிருந்தது.

டி.வி. நிலையங்களிலும் சினிமாவை இப்படித்தான் ஓட்டினார்கள் என்று பின்னாளில் ஓர் இன்ஜினீயர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கதாநாயகர்கள் எல்லாரும் நிமிடத்துக்கு இரண்டரை நொடி அவசரமாகவே நம் வீட்டில் காதலித்திருக்கிறார்கள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. மட்டாஞ்சேரியில் ஒருவர் கண்டுபிடித்தார். அவரை நான் செவிடர் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன். வீட்டுக்காரர் கதவருகே நின்றார். அவர் அதிகம் பேச மாட்டார்.

"இன்னைக்குச் சொன்னா அவரு பெட்டியைத் திரும்ப மாத்த முடியுமா?" என்று கேட்டார்.

முடியாது.

"அப்போ நாளைக்குப் பாட்டு முடியட்டும். அந்தப் பெட்டிக்கு ஒத்துப்போற டேப் அதுதான். ஆனா அப்புறம் நீயே போய்ச் சொல்லணும்."

மயிலாஞ்சி

ஜமீலாக்கா வீட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. ஆலுவாவிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். டி.வி.யை ஒரு தையல் மெஷின் மேல் வைத்திருந்தோம். ரஹிமா பாயில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டியிருந்தாள். மஜீதிக்கா இஸ்திரி போட்ட சட்டையில், டி.வி.க்குப் பக்கத்தில் பெட்டியோடு. நான் டேப்பைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

சுலைமான் பாட ஆரம்பித்ததும் கூடம் அடங்கியது. மூக்கை நோண்டும் குட்டி ரஹிமா வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள், ரஹிமாவும் சிரித்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் அந்தச் சிவப்பு நொடிமுள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் நிற்கும் இடம் வந்தது. திரை வெளுத்தது. அந்த வெளுப்புக்குள்ளிருந்தே ஆர்மோனியம் கிளம்பியது. மஜீதிக்காவின் குரல் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எங்கே ஒருவர் விட்டார், எங்கே ஒருவர் எடுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி அடி முழுதாக வந்தது. ஜமீலாக்கா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அழாமல், வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு என்னிடம் வந்து, "அவரு குரல் எனக்குக் கொஞ்சம் சின்ன வயசா கேட்டுச்சு மீனாட்சி. நான் மறந்துட்டேன் போல" என்றார். ஒன்பது வருஷம் மறக்காமல் வைத்திருந்தவரையும் சந்தேகப்பட வைத்துவிட்டேன். பின்னொரு நாள் அவரிடம் விஷயத்தைச் சொல்லி, சரியான வேகத்தில் எடுத்த டேப்பையும் கொடுத்தேன். படம் துடிக்குமே அக்கா என்றதற்கு, துடிக்கட்டும் என்றார். கடைசிவரை அவர் போட்டுப் பார்த்தது அந்தத் துடிக்கும் டேப்பைத்தான்.

கிளம்பும்போது வாசலில் மஜீதிக்கா என்னை நிறுத்தினார். அன்று நான் பெட்டி இறங்கியிருப்பதைச் சொல்லாவிட்டால் இன்று சபையில் மானம் போயிருக்கும் என்று நன்றி சொன்னார். நான் செருப்பை மாட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

சமையலறைக்குக் கேட்கும்படி

கல்யாணம் முடிந்து நான்கு நாள் கழித்து மஜீதிக்கா வீட்டுக்குப் போனேன். போட் ஜெட்டிக்குப் போகிற சந்தில் இரண்டாவது வீடு. கடை டேப்ரெக்கார்டரையே பையில் எடுத்துக்கொண்டேன். இருபத்தி நாலில் ஓட்டி எடுத்த பாட்டு ஒரு கேசட்டில். பதிவு செய்த மெஷினிலேயே ஓட்டினால்தான் எனக்கு நம்பிக்கை. மெஷின்கள் மேல் எனக்கு இருந்த பக்தி அந்த வாரத்தோடு போய்விட்டிருந்தது.

அவர் மனைவி ஐஷாத்தாதான் கதவைத் திறந்தார். நல்ல வேளை வந்தாய் என்று உள்ளே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். ஒரு மாதமாக அவர் சனிக்கிழமைப் பாட்டுக்குப் போவதில்லையாம். காது போய்விட்டது, இனி யாருக்கும் சுருதி எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்கிறாராம். எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்து ஸ்பூனால் தட்டி, எது உயரம் எது தாழ்வு என்று ஐஷாத்தாவிடம் கேட்கிறாராம். கல்யாண வீட்டில் வாசித்ததுகூட டேப்பை நம்பித்தானாம், தன்னை நம்பி இல்லையாம்.

நான் அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திருகு, இருபத்தைந்து, நொடிமுள், இரண்டரைக் கோடு. உங்கள் அத்தாவின் பெட்டியைக் கெடுத்தது நான்தான் என்றேன். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அழுதேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டேப்ரெக்கார்டரைக் காட்டி, "இதுல உள்ளது சரியான வேகமா?" என்று கேட்டார். ஆமாம் என்று பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"நில்லு. இப்போ ஓட்டாதே."

கண்ணை மூடினார். ஜெட்டியில் ஒரு போட் ஹாரன் அடித்து ஓய்ந்தது. பிறகு மெதுவாக, வாயைத் திறக்காமல், ஒரே ஒரு சுரத்தை முனகினார். அதை விடாமல் பிடித்துக்கொண்டே எனக்குக் கையைக் காட்டினார்.

பட்டனை அழுத்தினேன்.

சுலைமானின் குரல் அந்த முனகலின் மேலேயே வந்து இறங்கியது. மயிரிழை கூட வித்தியாசம் இல்லை.

மஜீதிக்கா கண்ணைத் திறந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படிக் கூப்பிட்டார்.

"ஐஷா, கேட்டியா. என் காதுக்கு ஒண்ணும் இல்லையாம். பெட்டிதான் கெட்டுப்போச்சாம்."

அதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். ஐஷாத்தா சாயா கொண்டுவந்து வைத்தார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவருடைய அத்தாவின் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.